குழம்பில் காரம்

1903 ஆடி மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

என்னோடு சுரங்கத்தில் இறங்கும் முனுசாமியை இன்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவன் கன்னத்தில் ஆறாத புண். டாக்டர் துரை அதைப் புற்று என்றார். புகையிலையை எந்தப் பக்கம் அடக்குவாய் என்று கேட்டார்.

"எடது பக்கந்தான் தொரே. கேஜுல எறங்குனா மேல வர்ற வரிக்கும் அதான் பசிக்கு."

சுரங்கத்துக்குள் இறக்கும் அந்த இரும்புக் கூண்டில் ஏறினால் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். என் நாக்கு தானாகவே என் இடது கன்னத்தைத் தடவியது. அங்கே சொரசொரப்பாக இருக்கிறது. துரையிடம் நான் வாய் திறக்கவில்லை. பயம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சோறு போட்டாள். ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை, அப்படி எரிந்தது. கொஞ்ச நாளாகவே குழம்பு காரம் என்று அவளைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். இன்றும் திட்டினேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "இன்னிக்கு மொளகாயே போடலீங்களே" என்றாள்.