கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய கடிதம்

மெர்கோங், அலோர் ஸ்டார்.
12.3.1984

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மகள் கேதரின் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே மாமா, அத்தை, குழந்தை மூவரும் சுகம். எனக்குச் சுகமில்லை என்று எழுதினால் காய்ச்சலா என்று கேட்பீர்கள். காய்ச்சல் இல்லை, கோபம்.

உங்கள் பதில் சனிக்கிழமை வந்தது. நான் எழுதியது நான்கு பக்கம், நீங்கள் எழுதியது ஆறு வரி. தோட்டத்துக்கே வந்து, வீட்டிலிருந்து படித்து, நவம்பரில் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சையைப் பிரைவேட்டாக எழுதுகிறேன், விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், மார்ச் 31க்குள் கொடுத்தாக வேண்டும் என்று அவ்வளவு கெஞ்சியிருந்தேன். பாரத்தை அப்படியே மடித்துத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். பள்ளிக்கூடம் இருக்கும்போது வீட்டில் உட்கார்ந்து படிப்பது உதவாக்கரைகள் வேலை என்று ஒரு வரி. பெரிய பிள்ளை வீட்டோடு கிடந்தால் பக்கத்து வீட்டு மருதம்மாள் என்ன நினைப்பாள் என்று ஒரு வரி. மீதி நான்கு வரியும் மாமாவுக்கு நன்றி.

மருதம்மாள் பெரியம்மா பரீட்சை எழுதப் போவதில்லை. நான்தான் எழுதப் போகிறேன். உதவாக்கரை என்று சொன்னீர்களே, இங்கே பஸ் நிலையத்துப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முகம்மது கவுஸ் மகள் அஜீசா இரண்டு வருஷம் பள்ளிக்கே போகவில்லை. கடையின் பின்கட்டில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தாள். போன வருஷம் இரண்டாம் கிரேடில் தேறிவிட்டாள். அவள் புத்தகங்கள் எல்லாம் இப்போது என்னிடம் இருக்கின்றன. காலையில் நீங்கள் இருவரும் ரப்பர் மரம் சீவப் போன பிறகு நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? நாலு கோழிதான். கோழி என்னைப் பிள்ளை தூக்கச் சொல்லாது.

ஆமாம், பிள்ளை தூக்குவதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அத்தை ஜேன் கிளினிக்கில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் போன வருஷம் மே மாதம் நின்றுவிட்டாள். அது உங்களுக்குத் தெரியாது. அன்று காலை நான் பள்ளிக்குக் கிளம்பிச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். அத்தை குழந்தையை என் மடியில் வைத்து, "இன்னிக்கு ஒரு நாளு மட்டும் பாத்துக்க லா, கேத்தி" என்றார்கள். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று இழுத்துக்கொண்டே போகிறது. மாமாவிடம் சொன்னால், "குடும்பம்னா விட்டுக் குடுத்துத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அம்மா, நான் லீவுக்கு வரும்போதெல்லாம் என் நீலப் பள்ளி உடுப்பைத் துவைத்து, பின்பக்கக் கொடி காலியாக இருந்தாலும் வாசல் கொடியில்தான் காயப் போடுவீர்கள். லயத்து வீடுகளில் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். அந்த உடுப்பு பள்ளிக்குப் போனதைவிடக் கொடியில் தொங்கியதுதான் அதிகம். அப்பா, அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை வாசிக்கும்போது இந்த இடத்தை விழுங்கிவிடாதீர்கள். தன் தம்பி சில்வெஸ்டர் வீட்டில் மகள் என்ன படித்தாள் என்று அம்மாவுக்குத் தெரியட்டும்.

அப்பா, இனி எழுதுவது உங்களுக்கு மட்டும். அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு கடிதம் மாட்டியிருக்கிறீர்களே, அக்டோபரில் என் பள்ளியிலிருந்து வந்தது, அது நற்சான்று இல்லை. உங்கள் மகள் ஐம்பத்தேழு நாள் பள்ளிக்கு வரவில்லை, இப்படியே போனால் பெயரை வெட்டிவிடுவோம் என்று எழுதிய இரண்டாவது எச்சரிக்கை. மலாய் படிக்க வராவிட்டால் தோட்டத்து ஆபீஸ் கிராணி மனோகரனிடம் கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்க மாட்டீர்கள். மேலே அரசாங்க முத்திரை, கீழே தலைமை ஆசிரியர் கையெழுத்து, நடுவில் பெரிய எழுத்தில் என் பெயர். அது போதும் என்று சுங்கைப்பட்டாணிக்குப் பஸ் ஏறிப் போய்ச் சட்டம் போட்டுக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோதுதான் அதைச் சுவரில் பார்த்தேன். கேக் சாப்பிட வந்த, உங்களை வேலை வாங்கும் தண்டல் அய்யாவு, "என்னா எழுதிருக்கு, படிச்சுச் சொல்லு பாப்பா" என்றார். நீங்கள் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றீர்கள். நான் படித்தேன். இந்த மாணவி ஒழுக்கத்திலும் படிப்பிலும் சிறந்தவள் என்று, அதில் இல்லாததையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். தண்டல் உங்கள் முதுகில் தட்டிக் கொடுத்தார். உங்கள் மேல் இருக்கிற கோபத்துக்குக் குறையாமல் எனக்கு என் மேலும் இருக்கிறது.

பள்ளியின் மூன்றாவது கடிதம் ஜனவரியில் வந்திருக்கும். அதையும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பீர்கள். பிப்ரவரி இருபதாம் தேதி தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, பெயரை வெட்டியாகிவிட்டது என்றார். உங்களுக்கு எழுதிய அந்த நான்கு பக்கத்தில் இதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. மாமா அத்தைக்கும் சொல்லவில்லை. சொன்னால் முழுநேர ஆள் கிடைத்தாள் என்று நிம்மதியாகிவிடுவார்கள். பள்ளிக்கூடம் இருக்கும்போது என்று எழுதினீர்கள். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அப்பா. இந்தப் பாரம் மட்டும்தான் இருக்கிறது.

மறுபடியும் அதையே வைத்திருக்கிறேன். பென்சிலால் கோடு போட்ட இடத்தில் கையெழுத்துப் போடுங்கள். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் பாரத்தில் இருப்பதை வரிக்கு வரி தமிழில் எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறேன். இந்த முறை நான் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

தண்டலிடமும் கிராணியிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். பெயர் வெட்டியதை அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன். அந்தக் கடிதத்தை மட்டும் கழற்றி அடுப்பில் போடுங்கள். அம்மா கேட்டால் பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லுங்கள். சட்டத்தைக் கழற்ற வேண்டாம், அப்பா. என் பரீட்சை முடிவு வரும்வரை அது காலியாகவே ஆண்டவர் பக்கத்தில் தொங்கட்டும்.

உங்கள் ஆசீரைக் கேட்கும் மகள்,
கேதரின்