கண்ணாடிச் சுவருக்கு வெளியே அப்பா

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அப்பா இன்று இடது கையாலேயே சட்டைப் பொத்தான் அத்தனையும் போட்டுக்கொண்டார், அதனால் நலம் என்பதை மனதார எழுதுகிறேன். உன் இருமல் விட்டதா, குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே.

போனில் பாதிதான் சொன்னேன், அழுகை வந்துவிட்டது. விசாரணையில் கம்பெனி வக்கீல் ஒன்றையே பிடித்துக்கொண்டார். பக்கவாதம் வந்தது கப்பலை விட்டு இறங்கி வீடு வரும் வழியில், கப்பலில் உடம்பு சரியில்லை என்று யாரிடமும் சொன்னதில்லை, ஆகவே நஷ்டஈடு கிடையாது என்றார். அப்பாவுக்கோ நாக்கு இன்னும் குழறுகிறது. எஞ்சின் ரூமில் அவரோடு வேலை பார்த்த தாடிக்காரர், வேற்று மொழிக்காரர், சாட்சி சொல்ல அவ்வளவு தூரம் வந்திருந்தார். வலது கை மரத்துப்போனதை அப்பா சொன்னாரா என்று கேட்டதற்கு, "கையால சொன்னார், அந்த இரைச்சல்ல வாய் எதுக்கு" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார். கேப்டனிடம் சொன்னால் பாதியில் இறக்கிவிடுவார்களே என்று அப்பா வேலையையும் தாடிக்காரரே சேர்த்துப் பார்த்திருக்கிறார். காப்பாற்றுவதாக நினைத்து, எழுத்தில் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டார்கள் இருவரும். வக்கீல் சிரித்தார், "கொசு கடிச்சா எனக்கும்தான் கை ஆடும், அது சாட்சியமா?" என்றார்.

நடுவராக இருந்த பெண்மணி சிரிக்கவில்லை. அப்பாவைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே வராந்தாவில் நிறுத்தச் சொன்னார், துணைக்கு நான். உள்ளே வக்கீலிடம், "நீங்களே ஏதாவது சொல்லுங்க, இவர் கையால அவருக்குச் சொல்லட்டும், பாப்போம்" என்றாராம். எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. தாடிக்காரர் விரல்களை மடக்கி நீட்டினார், எனக்கு ஈ ஓட்டுவது போலத்தான் இருந்தது. அப்பா போய் ஜன்னலைச் சாத்தினார். அடுத்து பெஞ்சிலிருந்த என் பையைத் தரையில் வைத்தார். வக்கீல் யோசித்து யோசித்துக் கடினமாக ஒன்று கொடுத்திருக்கிறார், பெஞ்சிலிருக்கிற தண்ணீர் பாட்டிலை எடு, திறக்காதே, மனைவியிடம் கொடு என்று. அப்பா எடுத்து அப்படியே என்னிடம் நீட்டினார். உப்பு டப்பா எங்கே என்றால் திருதிருவென்று முழிக்கிற மனுஷன், அவருக்குள் ஒரு முழு பாஷை இருந்திருக்கிறது.

பிறகு அன்று அப்பாவுக்கு என்ன பதில் சொன்னாய் என்று தாடிக்காரரைக் கேட்டிருக்கிறார் நடுவர். அவர் தன் மார்பைத் தொட்டார், மேலே சுட்டினார், அவ்வளவுதான். அப்பா திரும்பி வராந்தா மாடிப்படியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார், வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு. நான்தான் ஓடிப்போய்ப் பிடித்தேன். உள்ளே எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள், வக்கீலும்தான். நீ மேல போ, இங்க நான் பாத்துக்கறேன், அதுதான் அதற்கு அர்த்தமாம்.

நோய் கப்பலிலேயே தொடங்கியது, நஷ்டஈடு தர வேண்டும் என்று நேற்று தீர்ப்பு வந்தது. நீ படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்றதை அப்பாவிடம் சொன்னேன். அவர் மார்பைத் தொட்டு மேலே சுட்டினார். எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

நல்ல உடம்போடும் நல்ல மனிதர்களோடும் இரு கண்ணே. வீடியோவில் கூப்பிடும்போது அவர் முகத்தை மட்டும் பார்க்காதே, கையையும் பார்.

ஆசிகளோடு,
உன் அம்மா