நானே ஏறுறேன்

அண்ணே, தேர்தல் முடிந்துவிட்டது. தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த துப்பாக்கியை அப்பா இன்று அருப்புக்கோட்டைக்குப் போய் வாங்கி வந்தார். வாசலில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறார். வீடு முழுக்க அந்த வாடை. உனக்குக் குமட்டுமே, அதே வாடை.

உன் காதுக்குள் குரல் கேட்கத் தொடங்கியதும், உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தினார்கள். எல்லோரும் காட்டு வேலைக்குப் போனபிறகு நாம் இருவரும்தான். நீ என்னை ஒருநாளும் அதட்டியதில்லை. "பாப்பா, உள்ள ஒருத்தன் என்னென்னமோ சொல்றான். நான் கேக்க மாட்டேன். ஆனா அந்தத் துப்பாக்கி வீட்ல வேண்டாம்" என்பாய். அப்பாவிடமும் கெஞ்சினாய். "ஆஸ்பத்திரிக்கு நானே வாரேன்ப்பா. இத ஸ்டேஷன்ல குடுத்துருங்க."

"காட்டுப்பன்னி சோளத்தத் தின்னுட்டுப் போனா, ஒன் மாத்திரையவா அறுக்கச் சொல்ற?" என்றார் அப்பா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பிறகு ஒருநாள் நம் சோளத்தில் ஆடு இறங்கியது. குடித்திருந்த அப்பா, ஆட்டுக்காரரின் தலைக்கு மேலே சுட்டார். அவர் மறுபடி வெடிமருந்து திணிப்பதற்குள் நீ ஓடிப்போய்த் துப்பாக்கியைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டாய். நம் கிணற்றில் ஏது தண்ணீர்? சேற்றில் கிடந்ததை அப்போதே எடுத்துவிட்டார்கள்.

சுட்டவரை ஊர், "அவுக கொஞ்சம் கோவக்காரவுக" என்றது. உன்னை, "கிறுக்கன் துப்பாக்கியத் தூக்கிட்டான்ல, இனி விட்டுவைக்கக் கூடாது" என்றது.

மறுநாள் லோடு வண்டி வந்தது. "கட்டாதீக, நானே ஏறுறேன்" என்றாய். ஏறத்தான் போனாய், நான் பார்த்தேன். இருந்தும் கயிற்றை எடுத்தார்கள். உன் காலைப் பிடித்துக் கட்டியவர் அந்த ஆட்டுக்காரர். கொண்டுபோனது ஆஸ்பத்திரிக்குக்கூட இல்லை, உயரமாகச் சுவர் எழுப்பிய ஏதோ காப்பகத்துக்கு. அங்கிருந்து, காய்ச்சல் என்று சொல்லி உன் உடம்பைத்தான் அனுப்பினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள், "இனி பயமில்லாமத் தூங்கலாம்" என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் தலைக்கு மேலே ஆணியில் துப்பாக்கி தொங்கியது.

இப்போது என்னைப் பார்க்கிறார்கள். "இவளும் அவன் மாதிரி ஆயிருவா போல, வாயத் தெறக்காம இருக்காளே" என்று அத்தை சொன்னபோது அப்பா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்து உன்னை அப்படித்தான் பார்த்தார். எனக்கு இருப்பது வெறும் கூச்சம். அதைச் சொல்லவும் வாய் வர வேண்டுமே.

அதனால் யார் வந்தாலும் வாசலுக்கே போய், "வாங்க, காப்பி குடிக்கிறீகளா?" என்று சத்தமாகக் கேட்கிறேன். அடுப்படிக்கு வந்து, அடுத்துக் கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

"புள்ள இப்ப நல்லாத் தெளிஞ்சிருச்சு" என்று அப்பா நேற்று ஒருவரிடம் பெருமையாகச் சொன்னார். அதற்கும் சிரித்துவைத்தேன், அண்ணே.