தேவாங்குப் படத்தின் கீழுள்ள பலகையை அகற்றக் கோரி

அனுப்புநர்:
ஆ. ஜெசிந்தா, எம்.எஸ்சி.,
விலங்கியல் ஆசிரியை,
வளப்பூர் நாடு, கொல்லிமலை.

பெறுநர்:
வனச்சரகர் அவர்கள்,
வனச்சரக அலுவலகம்.

பொருள்: பேருந்து நிறுத்தத் தகவல் கூடத்தில் உள்ள என் படைப்பின் கீழிருக்கும் பலகையை ஞாயிற்றுக்கிழமைக்குள் அகற்ற வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

அழிந்துவரும் ஒரு விலங்கைப் பார்க்க மக்களை ஆசைப்பட வைப்பது அதற்கு நன்மையா, கேடா? எனக்கு விடை தெரியவில்லை. தெரியாமலே ஒரு காரியம் செய்துவிட்டேன்.

1. சாக்கு நார், காய்ந்த மிளகுக் கொடி, பழைய பஸ் டிக்கெட்டுகள், கண்களுக்குச் சோடா கோலிகள் ஆகியவற்றைக் கொண்டு நான் ஒட்டிச் செய்த தேவாங்குப் படத்தை, தாங்கள் கேட்டதன் பேரில் கூடத்துக்குக் கொடுத்தேன். பலகையின் வாசகமும் என்னுடையதே. கிடைத்த இடம் குறிக்காத விலங்கு மாதிரிக்கு மதிப்பில்லை என்று விலங்கியலில் படித்தவள் நான். ஆகவே, "வளப்பூர் நாடு, செல்லமுத்து தோட்டத்தின் பின்புறப் புதர், இருட்டிய பின் காணலாம்" என்று எழுதினேன்.

2. அதன்பின் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து கீழ்நாட்டு ஆட்கள் டார்ச் விளக்குடன் அந்தத் தோட்டத்துக்கு வரத் தொடங்கினர். மிளகுக் கொடிகள் மிதிபட்டன. தோட்டக்காரர் செல்லமுத்து வழிமறித்துப் பிடித்த ஒருவர், என் வாசகத்தைச் சிகரெட் அட்டையில் எழுதி வைத்திருந்தார். தேவாங்கின் கண்ணுக்கு வசிய சக்தி உண்டென்று நம்புவோர் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். படத்திலிருந்த கோலிகளும் இப்போது இல்லை. எடுத்தவருக்கு அவை கண்ணாடி என்று தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

3. செல்லமுத்து என்னிடம் சொன்னது: "பொதரு இருந்தாத்தானுங்க டீச்சர் அது இருக்கும்? அது இருந்தாத்தான இவனுங்க வாரானுங்க? ஞாயித்துக்கெழம ஆள வெச்சு வெட்டிப் போடறனுங்க." அவர் மனைவி கண்ணாயி, "கல்யாணப் பத்திரிகையில மண்டபத்துக்கு வழி போட்ட மாதிரியில்ல எழுதி வெச்சிருக்கீங்க" என்றார். புதர் அவர்கள் பட்டா நிலத்தில் உள்ளது. தேவாங்குகளுக்கு அதைவிட்டால் அந்தப் பக்கம் ஒதுங்க இடமில்லை.

4. பலகை போனதும் ஆட்கள் நின்றுவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. வெட்டாமல் இருக்கச் செல்லமுத்துவுக்கு ஒரு காரணம் கிடைக்கும், அவ்வளவே. எனவே பலகையை உடனே எடுக்கவும், இதே பலகையைப் பெரிதாக்கி மலையடிவாரத்துக் காரவள்ளியில் வைக்கும் தங்கள் யோசனையைக் கைவிடவும், இரவில் அத்தோட்டப் பக்கம் காவலர் ஒருவரை அனுப்பவும் வேண்டுகிறேன். படத்தையும் எடுப்பதானால் எனக்கு வருத்தமில்லை.

இப்படிக்கு,
ஆ. ஜெசிந்தா

இடம்: வளப்பூர் நாடு
நாள்: 18.11.2003

பின்சேர்க்கை, 19.11.2003:

இன்று மனுவை நேரில் கொண்டு வந்தேன். தாங்கள் முகாம் சென்றிருந்தீர்கள். எழுத்தர் ஓம்பிரகாஷ் படித்துவிட்டு, "பலகை ஆபீஸ் சொத்துங்க மேடம். ஐயா ஆர்டர் போடாம ஆணியத் தொட முடியாது. திங்கக்கெழம வாங்க" என்றார். அவர் சொன்னது விதிப்படி சரிதான். ஆனால் ஞாயிறு முன்னால் வருகிறது.

நிறுத்தத்தின் சைக்கிள் கடையில் திருப்புளி வாங்கி நானே பலகையைக் கழற்றினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி என் குடையைப் பிடித்துக்கொண்டார். பலகையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்ச் செல்லமுத்துவிடம் காட்டினேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாயி அதை எடுத்துப் போய்க் கோழிக்கூண்டின் வாயில் சாத்தி, "அளவாத்தான் இருக்குது" என்றார். பலகை இப்போது அங்கே இருக்கிறது. எடுத்தது நான். விளக்கம் கேட்பதானால் என்னிடம் கேட்கவும், அவர்களிடம் வேண்டாம்.

நான் கிளம்பும்போது செல்லமுத்து புதர்ப் பக்கம் பார்த்தபடி, "ஞாயித்துக்கெழம மழ வரும் போல இருக்குதுங்க. வெட்டறதுக்கு ஆளுக வர மாட்டாங்க" என்றார்.

வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

ஆ. ஜெசிந்தா