தரைப்பலகைக்கு அடியில்

உங்களுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. தம்பி வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்.

நீங்கள் அவனுக்கு விற்ற ஃபைபர் படகு, அலையில் ஏறி இறங்கும்போதெல்லாம் அடியில் முனகுகிறது என்றான். இன்று காலை பட்டறைக்காரர் வந்து சுத்தியலால் அடிப்பாகம் முழுக்கத் தட்டிப் பார்த்தார். எங்கும் கணீரென்று கேட்டது. நடுவில் மட்டும் பொத்தென்றது. தரைப்பலகையைப் பெயர்த்தால், படகைத் தாங்கும் நீளச் சட்டம் முறிந்து, மரம் ஊறிக் கிடந்தது. மேலே ஃபைபர் துணியை ஒட்டிப் பெயிண்ட் அடித்திருந்தது.

"பாறையில மோதின படகும்மா இது. வித்தவன் தெரிஞ்சேதான் மூடியிருக்கான்," என்றார்.

நம் சமையலறை ஜன்னலுக்கு அடித்து மிச்சமான நீலப் பெயிண்ட் அது. டப்பாவை உங்களுக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

"அக்கா, அத்தானுக்கு இது தெரியுமா?" என்று தம்பி கேட்டான்.

"தெரிஞ்சா உனக்குத் தருவாராடா?" என்றேன். சொன்ன வாய் கூசியது.

போன ஞாயிறு அவன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் படகில்தானே கிளம்பினான்? நீங்கள் கரையில் நின்று கையசைத்தீர்கள். பக்கத்தில் நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அழுகியதை வெட்டி, உலரவிட்டு, புதுச் சட்டம் வைக்கப் பத்து நாள் ஆகுமாம்.

மாலையில் தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் கத்தவில்லை. "நீ இங்கேயே இருந்துடுக்கா," என்று என் பெட்டியை உள்ளறையில் கொண்டுபோய் வைத்தான்.

கூப்பிட வராதீர்கள்.

இனி என் தம்பிக்கு அக்கா மட்டும்