சித்தப்பாவுக்கு வந்த மிஸ்

அன்புள்ள சின்னுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம், அவள் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், உன் சித்தப்பாவைக் கேட்டால் சரியாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். மிஸ் யூ சித்தப்பா என்று நீ அனுப்பியிருந்தாய். பஸ் நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக நேரம் குறிப்பவன் நான், வராத வண்டிக்கு எதிரே சிவப்பு மையில் மிஸ் என்று எழுதியே பழகிய கை. நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் மிஸ் என்றால் உன் டீச்சர், அவர் சொன்னால் எனக்கும் சேர்த்துச் சட்டம். இப்போது வேலை முடிந்து வீடு சேர்ந்ததும் நீ கொடுக்கும் மிஸ்டு காலுக்கு, பத்திரமாக வந்துவிட்டாள் என்று அர்த்தம். ஆகவே நீ அவனிடம் பேச நினைத்து, அது விட்டுப்போய்விட்டது போலிருக்கிறது என்று எண்ணி, விடுடா, அடுத்த தடவை பேசுவா, மனசுல வச்சுக்காதே என்று ஆறுதல் வேறு சொன்னேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணே, நான் பக்கத்துல இல்லாம அவளுக்கு அங்க இருப்புக் கொள்ளலையாம், அதுதான் அர்த்தம் என்றான். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள், அவளுக்கும் வந்திருக்கிறதாம், இதயப் படம் போட்டு.

எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். காய்ச்சலில் விடிய விடிய உன்னைத் தோளில் போட்டு நடந்தவன் நான், எப்போதாவது வந்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தவன் அவன். என் போனை முதலிலிருந்து துருவிப் பார்த்தேன். மாத்திரை போட்டீங்களா, கேஸ் வந்துச்சா, சரிப்பா, ஓகேப்பா. அவ்வளவுதான். எங்கள் கண்டக்டரம்மாவிடம் கேட்டால், அப்பாகிட்ட சொல்றதுக்குக் கூச்சமா இருக்கும் சார், நானும் சொன்னதில்லை என்கிறாள். சித்தப்பாவிடம் இல்லாத கூச்சம் என்னிடம் எங்கிருந்து வந்தது?

நானே முதலில் அனுப்பலாம் என்று அந்த இரண்டு வார்த்தையை அடித்தேன். பார்த்தால் ஏதோ வண்டி வரவில்லை என்று எழுதியது மாதிரி இருந்தது, அழித்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். நீ இல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை சின்னு, ஏழு மாசமாக.

ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாதே. இரண்டு பேரும் குறைவில்லாமல் இருங்கள். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, முக்கியமாக அவனிடம்.

இப்படிக்கு,
சித்தப்பாவுக்கு மூத்தவனான
உன் அப்பா