கிண்ணியாக் காரின் குளிர்

1980 செப்டெம்பர் 1, திங்கள்

கராஜ் திறந்து ஐந்து மாதம். இன்றைய வேலை: ஒரு பழைய பிரிட்ஜுக்குக் கதவு ரப்பர். அவ்வளவுதான்.

தபால் கந்தோருக்கு முன்னால் ஐஸ் ஆலை மானேஜர் இராஜநாயகம் சேரைக் கண்டேன். "பேணாட், ஆலையில உம்மட இடத்தை இந்த மாத முடிவுமட்டும்தான் வைச்சிருக்கலாம். பிறகு வேற ஆளைப் போட்டிடுவன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. பதினாறு வருடம் அவருடைய ஐஸையும் மீனையும் குளிரவைத்தவன் நான். சொந்தமாக ஒரு பெயர்ப்பலகை போட்டதற்கு இப்போது தவணை சொல்கிறார்.

வீட்டில் வந்து சொன்னேன். சோறு போடும்போது மனைவி ஐவியின் அகப்பை கொஞ்சம் பலமாகச் சட்டியில் பட்டது.

செப்டெம்பர் 2, செவ்வாய்

கார் ஒன்று வந்திருக்கிறது. சாதாரணக் கார் இல்லை, கிண்ணியா கலீலுர் றஹ்மான் ஹாஜியாரின் ஜப்பான் கார். ஏ.சி. போட்ட கார் இந்தப் பக்கத்தில் எத்தனை என்று விரல் விட்டு எண்ணலாம். கப்பல் கப்டன்மாரை ஏற்றி இறக்க, துறைமுக ஏஜென்சி ஒன்று அதை வாடகைக்கு எடுத்திருக்கிறது. இரண்டு கிழமையாகக் குளிர் இல்லை. கொழும்பில் காட்டினார்களாம். கொம்பிரஸர் செத்துவிட்டது, புதிது ஜப்பானிலிருந்து வர மூன்று மாதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏஜென்சி வெள்ளிக்கிழமை வரைதான் பொறுக்கும். அன்று பின்னேரம் கப்பல் வருகிறது.

"தம்பி, ஒங்களால ஏலுமா ஏலாதா? அத மட்டும் சொல்லுங்க" என்றார் ஹாஜியார்.

"ஏலும்" என்றேன். என்னுடைய வாய் எப்போதும் கைக்கு முன்னால் ஓடும்.

இது சரிவந்தால் ஏஜென்சியின் மற்றக் கார்களும் என்னிடம் வரும். சரிவராவிட்டால் மாத முடிவில் தலையைக் குனிந்துகொண்டு ஐஸ் ஆலைப் படி ஏற வேண்டியதுதான்.

போட்டுப் பார்த்தேன். காலைக் குளிர்மையில் ஏ.சி. ஓரளவு வேலை செய்தது. காஸ் குறைந்திருக்கும் என்று நினைத்து, அழுத்தம் காட்டும் கேஜைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல், கொஞ்சம் ஏற்றிவிட்டேன். முடிந்தது காரியம் என்று விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

செப்டெம்பர் 3, புதன், காலை

நான் ஒரு மடையன்.

அதே நாள், பின்னேரம்

நேற்றைவிட மோசம். காஸ் குறையவில்லை, நான்தான் கூட்டிவிட்டேன். பதினாறு வருட அனுபவம் எண்டு மார் தட்டின ஆள்— வெட்கமா இல்லையா உனக்கு?

ஹாஜியாரின் டிரைவர் அஸீம் நல்ல மனிதன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலையில நல்லாத்தான் குளிருது அண்ணன். மத்தியானம் துறையில பாதைக்குக் காத்துக்கிட்டு நிக்கக்குள்ளதான் போயிரும்" என்றான். அதை முதலே கேட்டிருக்க வேண்டும்.

ஏற்றிய காஸை இறக்கிவிட்டு, கேஜைக் காரில் மாட்டியபடியே கிண்ணியாத் துறையடிக்குப் போனோம். வாகனம் ஏற்றும் மிதவையான அந்தப் பாதை அக்கரையில் நின்றது. எங்களுக்கு முன்னால் இரண்டு லொறி, ஒரு பஸ். கச்சான் காற்று அனலாக வீசியது. எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தோம். அழுத்தம் காட்டும் முள் ஏறியது, ஏறியது, சிவப்பைத் தாண்டியது. உள்ளே வெக்கைக் காற்று. ஒரு வாளித் தண்ணீரை, ஏ.சி.யின் சூடு வெளியேறும் முன்பக்க வலையில் ஊற்றச் சொன்னேன். முள் விழுந்தது. குளிர் வந்தது. ஐந்து நிமிடத்தில் திரும்பவும் போனது.

செத்த கொம்பிரஸர் இவ்வளவு அழுத்தம் தராது! கொழும்பில் கேஜ் போட்டே பார்க்கவில்லை என்று அந்தோனியார்மேல் சத்தியம் செய்வேன். கொம்பிரஸர் உயிரோடுதான் இருக்கிறது. சூடு வெளியே போக வழியில்லை. அதுதான் காரின் நோய்.

ஆனால் ஏன்? விசிறி சுற்றுகிறது. முன்வலையை அஸீம் தினமும் கழுவுகிறான், அதில் தூசி ஒன்று இல்லை. பிறகு எது அடைக்கிறது?

செப்டெம்பர் 4, வியாழன்

ரேடியேட்டரைக் கழற்றினேன்.

ஏ.சி. வலை முன்னால், ரேடியேட்டர் பின்னால், இடையில் இரண்டு விரல் இடைவெளி. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த இடைவெளி முழுவதும் பதர், உமி, வைக்கோல் துரும்பு. பாதையில் தெறித்த உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு எல்லாம் ரொட்டியாக இறுகிக் கிடந்தது. கையால் பிய்த்து எடுத்தேன்.

"அஸீம், இது கார்தானே? நெல்லு எங்கால வந்தது?"

அஸீம் நிலத்தைப் பார்த்தான். பிறகு கதை வந்தது. தம்பலகாமத்தில் ஹாஜியாரின் வயல் வெட்டி, கதிரைக் களத்தில் பரப்பியாயிற்று. மிதிக்க வந்த ட்ராக்டர் உடைந்துவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. "காரை எறக்கு எண்டாரு ஹாஜியார். ரெண்டு நாள் கதிருக்கு மேல சுத்தினன் அண்ணன். ஏ.சி.யும் போட்டுக்கிட்டுத்தான்."

"கொழும்பில ஏன் சொல்லேல்ல?"

"சிரிப்பாங்க எண்டு வாயைப் பொத்தச் சொன்னாரு."

நான் சிரித்தேன். குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்தேன். கப்டன்மார் ஏறும் காரால் சூடடித்த மனிதர் இந்த இலங்கையிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சத்தம் கேட்டு ஐவி குசினியிலிருந்து வந்து பார்த்தாள். நசுங்கியிருந்த மெல்லிய தகடுகளை நிமிர்த்த என்னிடம் தோதான ஆயுதம் இல்லை. அவள் உள்ளே போய்த் தன் ஈர்கொல்லிச் சீப்பைக் கொண்டுவந்தாள். "இஞ்ச தாங்கோ, உங்கட கை முரட்டுக் கை" என்று தானே இருந்து வாரினாள். திங்கட்கிழமைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது. பொழுது படும் வரை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

செப்டெம்பர் 5, வெள்ளி

ஜும்மா முடிந்து இரண்டு மணிக்கு ஹாஜியார் வந்தார். அவரை ஏற்றிக்கொண்டு அதே துறையடி, அதே வெயில். நாற்பது நிமிடம் எஞ்சின் ஓட நின்றோம். என் கண் முள்ளைவிட்டு அசையவில்லை. முள்ளும் அசையவில்லை.

"தம்பி, கண்ணாடியக் கொஞ்சம் எறக்குங்க. காது விறைக்குது" என்றார் ஹாஜியார்.

"ஓம் ஹாஜியார். கார் நல்ல கார். சூடடிக்க மட்டும் ட்ராக்டர்தான் திறம்."

அவர் அஸீமை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

செப்டெம்பர் 6, சனி

நேற்றுக் கப்டன் காரைவிட்டு இறங்க மனமில்லாமல் இருந்தாராம். நான் வென்றுவிட்டேன். இன்னொரு தரமும் எழுதுகிறேன். வென்றுவிட்டேன்.

செப்டெம்பர் 17, புதன்

ஏஜென்சியிலிருந்து இன்னும் மூன்று கார். கிண்ணியாவிலிருந்து ஒரு மூட்டை அரிசி. "ட்ராக்டர் மிதிச்சதுதான் எண்டு சொல்லச் சொன்னாரு" என்று அஸீம் இறக்கி வைத்தான்.

செப்டெம்பர் 30, செவ்வாய்

மாத முடிவு. நான் ஐஸ் ஆலைக்குப் போகவில்லை. காலை எட்டு மணிக்கு இராஜநாயகம் சேர் கராஜுக்கு வந்தார்.

பெரிய குளிரறை இரவே நின்றுவிட்டதாம். அங்கே உள்ளவர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. "எப்ப வர ஏலும், பேணாட்?" என்றார். என்னுடைய இடத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஒரு கார் பாதியில நிக்குது சேர். பத்து மணிக்கு வாறன். முதல் இருங்கோ" என்று கதிரையைத் தட்டிப் போட்டேன்.

ஐவி இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பதினாறு வருடத்தில் அவரும் நானும் ஒரே மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்தது இன்றுதான்.